"மீடியா லான்னு ஒரு ஃபீல்டே கிடையாது"ங்கிறார் சீனியர், வீட்ல 38 லட்சம் லோனுக்கு ரெடி: ஒரு ஜூனியர் வக்கீலுக்கு பதில்

இந்தத் தடவை எடுத்திருக்கிற லெட்டர் கொஞ்சம் நீளம், அதனால சுருக்கித்தான் சொல்லணும். பேர், ஊர், காலேஜ் எதுவும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, போடல. எழுதினவங்களுக்கு வயசு 31, திண்டுக்கல் மாவட்டம், அப்பாவுக்கு உரக்கடை. அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷப் படிப்பு முடிச்சாங்க, அப்புறம் ஒரு தமிழ் செய்தி சேனலோட வெப் டெஸ்க்ல கொஞ்ச காலம், நடுவுல ஒரு வருஷம் ஜட்ஜ் எக்ஸாம் கோச்சிங், இப்ப நாலு வருஷமா மதுரை பெஞ்ச்ல ஒரு சிவில் சீனியர்கிட்ட ஜூனியர். மாசம் 9,000 ரூபா. கோர்ட்டு பிடிக்காம இல்ல, ஆனா மனசு போறது வேற பக்கம். யூடியூப் சேனலுக்கு போலீஸ் நோட்டீஸ் வந்தா அது எந்த பிரிவுல வருது, வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு யார் பொறுப்பு, ஒரு வீடியோவை தூக்கச் சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு, ஏஐ எழுதிக் கொடுத்த பொய்க்கு யார் மேல கேஸ் போடறது, இதையெல்லாம் ஆராய்ச்சியா பண்ணணும், பாடம் எடுக்கணும், அதுலயே பொழப்ப ஓட்டணும்.

இதுக்கு சீனியர் சொன்ன பதில்தான் தலைப்புல இருக்கு. அம்மாவுக்கு சிவில் ஜட்ஜ் பரீட்சைய விட்டுட்டாளேன்னு வருத்தம். அப்பா மட்டும் "நீ ஆசைப்பட்டதைப் படி"ன்னு வீட்டுப் பத்திரத்தை வெச்சு 38 லட்சம் லோன் போட்டு பிரிட்டன்ல எல்எல்எம் (சட்டத்துல முதுகலை) படிக்க அனுப்பத் தயார். இதுக்கு நடுவுல ஒரு தனியார் சட்டக் கல்லூரி "உதவிப் பேராசிரியர்" வேலை தர்றேங்குது, 28,000 சம்பளம், மூணு வருஷ பாண்ட், ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆஃபீஸ்ல ஒப்படைக்கணும், 15 நாளுக்குள்ள பதில் சொல்லணும். போதாக்குறைக்கு, போன வருஷம் ஒரு ஆய்வு அமைப்புக்கு 40,000 ரூபா வாங்கிட்டு ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்காங்க, அது வெளிய வந்தப்ப இவங்க பேரையே காணோம். "காசு வாங்கியாச்சு, இனி கேக்க உரிமை இல்லதானே சார்?"ன்னு ஒரு வரி. கடைசியா, "எனக்கு கோடிங் தெரியாது, இங்கிலீஷ் சுமார், வயசும் தாண்டிருச்சு, நியாயமா சொல்லுங்க, நடக்குமா?"

நடக்கும். ஆனா நீங்க நினைச்சு வெச்சிருக்கிற வழில இல்ல.

முதல்ல உங்க சீனியர் சொன்னது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிராக்டிஸ் ஆரம்பிச்ச காலத்துல அவதூறு கேஸ், சென்சார் கேஸ், பத்திரிகைக்கு கோர்ட் அவமதிப்பு, இவ்வளவுதான் மீடியா லா, அதையும் சிவில், கிரிமினல் பார்க்கிறவங்களே சேர்த்து பார்த்துடுவாங்க. ஆனா ஃபீல்டே இல்லங்கிறது சரியில்ல. ஆக்ஸ்ஃபோர்டுல மன்றோ பிரைஸ் ஒப்பீட்டு ஊடகச் சட்டத்துக்குன்னு தனி அமைப்பை ஆரம்பிச்சது 1996. பெங்களூர்ல இன்டர்நெட் அண்ட் சொசைட்டி மையம் வந்தது 2008. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துல கம்யூனிகேஷன் கவர்னன்ஸ் மையம் 2013, அதை ஆரம்பிச்சு நடத்தின சின்மயி அருண் அப்புறம் அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இதே துறைக்கான அமைப்போட நிர்வாக இயக்குநரா போனாங்க. இன்னொரு பக்கம் உஷா ராமநாதன், எந்தப் பல்கலைக்கழகத்தோட போர்டும் இல்லாம சுயேச்சையான சட்ட ஆய்வாளரா இருந்துகிட்டே ஆதார் பத்தி ஆரம்பத்துல இருந்து எழுதினவங்க, ஆதார் விவாதத்துல அவங்க எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆக ரெண்டு விதமாவும் ஆட்கள் வாழ்ந்து காட்டியிருக்காங்க. ரெண்டாவது விதத்துல மாச சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லங்கிறதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தின வரி வேற. "இதெல்லாம் டெல்லி, அமெரிக்கா விஷயம் சார், மதுரையில உக்காந்து என்ன ஆராய்ச்சி பண்றது"ன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அரசியல் சாசனம் வந்த முதல் வருஷமே, 1950ல, கிராஸ்ரோட்ஸ் பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள வரக்கூடாதுன்னு நம்ம அரசாங்கம் போட்ட தடைதான் ரொமேஷ் தாப்பர் கேஸ், அதுல தோத்ததும் ஒரு காரணமாத்தான் 1951ல முதல் திருத்தமே வந்துச்சு, இன்னைக்கும் பேச்சுரிமை கிளாஸ் அங்கதான் தொடங்குது. 1994ல நக்கீரன் ஆசிரியர் போட்ட ராஜகோபால் கேஸ், ஆட்டோ சங்கர் சுயசரிதைய வெளியிட அரசாங்க அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாதுன்னு சொன்னது, கூடவே தனிமனித அந்தரங்கத்துக்கும் இடம் கொடுத்தது, 2017ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன புட்டசாமி தீர்ப்பு வரைக்கும் அதை மேற்கோள் காட்டினாங்க. 2019 ஏப்ரல்ல டிக்டாக்கை டவுன்லோட் பண்ண விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டது நீங்க தினம் ஏறி இறங்கற அதே மதுரை பெஞ்ச்தான், மூணு வாரத்துல அதுவே தடையை விலக்கிச்சு, அதுக்கு வக்கீல் அரவிந்த் தாதர் அமிகஸா, அதாவது எந்தக் கட்சியும் சேராம கோர்ட்டுக்கு யோசனை சொல்றவரா இருந்து உதவினார். அந்தக் கேஸ் கட்டு அங்கதான் இருக்கு.

இன்னொண்ணு. மறக்கப்படும் உரிமை. கீழ்க்கோர்ட்டுல தண்டனை ஆகி, ஹைகோர்ட்டுல விடுதலை ஆன ஒருத்தர், தீர்ப்புல இருக்கிற என் பேரை எடுங்க, கூகுள்ல தேடினா அதுதான் முதல்ல வருதுன்னு கேட்டார். 2021 ஆகஸ்ட்ல தனி நீதிபதி முடியாதுன்னார், டேட்டா பாதுகாப்பு சட்டம் வரட்டும்னார். 2024 பிப்ரவரில ரெண்டு நீதிபதிகள் இருக்கிற டிவிஷன் பெஞ்ச் அதை மாத்தி பேரை மறைக்கச் சொல்லி, தீர்ப்புகளைப் போடற இந்தியன் கானூன் தளத்துக்கும் உத்தரவு போட்டுது. அதே வருஷம் ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு அதுக்கு ஸ்டே கொடுத்துச்சு. கேஸ் பேரை நான் இங்க எழுதல, அவர் கேட்டதே அதைத்தானே. நாடு முழுக்க எல்லாரும் இதைப் பத்தி எழுதறாங்க, ஆனா விடுதலையான ஆட்கள் நிஜமா என்ன பாடுபடறாங்க, வேலைக்கு, கல்யாணத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்ன ஆகுதுன்னு மதுரை, ராமநாதபுரம், திண்டுக்கல் பக்கம் போய் கேட்டு எழுதின ஆராய்ச்சி எதுவும் என் கண்ணுல படல. உங்களுக்கு வக்கீல் குமாஸ்தாக்களைத் தெரியும், கட்சிக்காரங்களைத் தெரியும், பேச்சு தெரியும். லண்டன்ல இருக்கிற ஆய்வு மாணவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

சரி, இனி ஒவ்வொண்ணா.

38 லட்சம்

வேண்டாம். அப்பாகிட்ட மரியாதையா, அன்பா, ஆனா தெளிவா வேண்டாம்னு சொல்லிடுங்க. 38 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 10 வருஷம்னு போட்டாலே மாசம் கிட்டத்தட்ட 52,000 ரூபா கட்டணும், படிக்கிற காலத்துல ஏறற வட்டி தனி. நீங்க போக நினைக்கிற பாதையில அடுத்த அஞ்சு வருஷத்துக்கு உங்க கைக்கு வரக்கூடிய நல்ல பணம்னா ஜேஆர்எஃப், நெட் பரீட்சையில நல்ல மார்க் வாங்கினா கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை, அது முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000. தவணையே அதைவிட அதிகம். இந்தக் கடன் தலைமேல இருந்தா நீங்க ஆராய்ச்சி பண்ண மாட்டீங்க, எந்த கம்பெனி அதிக சம்பளம் தருதோ அங்கதான் போவீங்க, போயாகணும், வீடு அடமானத்துல இருக்கு. படிச்சு முடிச்சு அங்கயே வேலை பார்த்து கட்டிடலாம்னு ஏஜென்ட் சொல்லியிருப்பாரு, படிப்புக்கு அப்புறம் தங்கி வேலை தேடற ரெண்டு வருஷத்தையே பிரிட்டன் 18 மாசமா குறைக்குது, அதுவும் சட்டப் படிப்புக்கு வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்க வேலை லேசுல கிடைக்கிறதில்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கு, இதை ஏஜென்ட் சொல்லவே மாட்டார். ஒரு வருஷ எல்எல்எம் இங்க வாத்தியார் வேலைக்கு செல்லுமாங்கிறதுலயே இழுபறி. 2021 ஜனவரில பார் கவுன்சில் ஒரு வருஷ எல்எல்எம்மையே எடுக்கறேன்னு விதி போட்டு, அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தி வைக்கப்பட்டுச்சு, வெளிநாட்டு டிகிரிக்கு சமநிலை கேட்டு அலையறவங்களை நானே பார்த்திருக்கேன். போறதா இருந்தா முழு ஸ்காலர்ஷிப்ல போங்க. பிரிட்டன் அரசாங்கம் தர்ற செவனிங் இருக்கு, அதுக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேப்பாங்க, உங்க ஜூனியர் காலமும் வெப் டெஸ்க் காலமும் அதுக்குத் தாராளமா போதும், சீனியர்கிட்ட லெட்டர் மட்டும் வாங்கி வைங்க, முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும்ங்கிறது நிபந்தனை, உங்களுக்கு அது கஷ்டமே இல்ல. நீங்க எந்தப் பிரிவுன்னு எழுதல, பட்டியல் சாதின்னா மத்திய அரசோட தேசிய வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்பையும் பாருங்க, அதுல இந்தியாவைப் பத்தின சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு 2022ல கட்டுப்பாடு போட்டிருக்காங்க, தலைப்பை எழுதறப்ப கவனம்.

இங்கயே படிக்க வழி இருக்கு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு கிளாட் எழுதி திருச்சியில தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், இல்லைன்னா பெங்களூர், ஹைதராபாத். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோட ரெண்டு வருஷ எல்எல்எம்னா செலவும் கம்மி, மேல சொன்ன ஒரு வருஷ சண்டையும் கிடையாது. எந்த காலேஜ்ங்கிறதை விட டிஸ்ஸர்டேஷனுக்கு யார் கைடுங்கிறதுதான் இந்தத் துறையில முக்கியம், சேர்றதுக்கு முன்னாடியே அங்க யார் என்ன எழுதியிருக்காங்கன்னு தேடிப் படிங்க.

வயசு

31 ஆச்சு, ஜேஆர்எஃப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. போகல. பொது வயசு வரம்பு 30, ஆனா பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு உண்டு, எந்தப் பிரிவா இருந்தாலும். உங்களுக்கு 35 வரைக்கும் நேரம் இருக்கு. நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது, எல்எல்எம் படிச்சுகிட்டு இருக்கிறப்பவே எழுதலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும்னா வயசு வரம்பே கிடையாது. கோச்சிங் சென்டர்ல யாரோ சொன்னதைக் கேட்டு ரெண்டு வருஷமா மனசுக்குள்ளயே புழுங்கியிருக்கீங்க, நோட்டிஃபிகேஷனை ஒரு தடவை நேரா படிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். வக்கீல்தானே நீங்க!

அம்மாவுக்கும் ஒரு பதில் இருக்கு. சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு மூணு வருஷ பிராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு திரும்பக் கொண்டுவந்துச்சு, உங்களுக்கு நாலு வருஷம் இருக்கு, அந்தக் கதவு உடனே மூடிடாது, வயசு வரம்பை மட்டும் பார்த்துக்கோங்க. அதைச் சொன்னா வீட்ல கொஞ்சம் அமைதி கிடைக்கும்.

அந்த காலேஜ் வேலை

இதுலதான் நீங்க அவசரப்பட்டு மாட்டிக்கக் கூடாது. எல்எல்எம் இல்லாத உங்களுக்கு "உதவிப் பேராசிரியர்"னு ஆர்டர் தர்றாங்கன்னாலே எனக்கு சந்தேகம் வருது. யுஜிசி விதிப்படி அந்தப் பதவிக்கு 55 சதவீதத்தோட முதுகலை, அதோட நெட் இல்லைன்னா செட், இல்லைன்னா பிஎச்டி வேணும். அது இல்லாம நீங்க மூணு வருஷம் பாடம் எடுத்தா அது நாளைக்கு "டீச்சிங் எக்ஸ்பீரியன்ஸ்" கணக்குல வராது. இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் கணக்கு காட்டத்தான் உங்க பேர் தேவைப்படுது போலிருக்கு.

"சத்தம் போடாம பிராக்டிஸையும் பார்த்துக்கலாம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது தப்பு, பெரிய தப்பு. முழுநேர சம்பள வேலையில இருக்கிறவங்க பிராக்டிஸ் பண்ணக்கூடாதுங்கிறது பார் கவுன்சில் விதி 49. சேர்ந்தா வக்கீல் பதிவை (என்ரோல்மென்ட்) சஸ்பெண்ட் பண்ணிட்டுத்தான் சேரணும். ஆனா சட்டம் சொல்லிக் கொடுக்கிறதுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கு, மத்திய அரசோட 1979 விதிகள்படி ஒரு வக்கீல் நாளைக்கு மூணு மணி நேரம் வரைக்கும் சட்ட வகுப்பு எடுக்கலாம், அது பகுதிநேர வேலையாத்தான் கணக்கு. இதை மனசுல வைங்க.

சர்டிபிகேட்டைக் கொடுக்காதீங்க. சரிபார்த்துட்டு கையோட திருப்பித் தரட்டும். கல்விச் சான்றிதழ் அடகு வைக்கிற பொருள் இல்லன்னு சென்னை ஹைகோர்ட்டு சொல்லியிருக்கு, ஆனா கொடுத்துட்டு ரிட் போட்டு வாங்கறதுக்குள்ள ஒரு வருஷ அட்மிஷன் போயிடும், அதான் விஷயம். பாண்ட் எல்லாம் செல்லாது, வெறும் பேப்பர்னு உங்க ஃபிரெண்ட் சொன்னதையும் நம்பாதீங்க. 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி கேஸ்ல, மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்ங்கிற பாண்ட் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆள் எடுக்க எவ்வளவு செலவாச்சு, தொகை நியாயமானதா, இதெல்லாம் பார்த்துதான் முடிவாகும், தனியார் காலேஜுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல வரல, கையெழுத்து போட்டா கோர்ட்டுல பேச வேண்டி வரும்னு சொல்றேன்.

(நடுவுல ஒண்ணு. மதுரையில ஜூனியருக்கு குறைஞ்சது 20,000 கொடுக்கணும்னு 2024 ஜூன்ல நம்ம ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. உங்களுக்கு 9,000. இதைச் சொல்லி சீனியர்கிட்ட சண்டை போடச் சொல்லல, ஆனா நேரத்தையாவது கேட்டு வாங்குங்க, வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமையும் என் ஆராய்ச்சிக்குன்னு.)

பேர் இல்லாம வந்த ரிப்போர்ட்

காசு வாங்கியாச்சு, உரிமை போச்சுன்னு நினைக்கிறீங்க. காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 17ஐ எடுத்துப் படிங்க. வேலைக்காரரா இருந்து அந்த வேலையோட பகுதியா எழுதினாதான், வேற ஒப்பந்தம் இல்லாதப்ப, முதலாளிக்கு உரிமை. காசு கொடுத்து செய்யச் சொன்னவருக்கு உரிமைங்கிறது போட்டோ, ஓவியம், சினிமா மாதிரி சிலதுக்குத்தான், எழுத்துக்கு இல்ல. நீங்க அவங்க ஊழியர் இல்ல, ஒரு தடவை எழுதிக் கொடுத்தவங்க. உரிமையை மாத்திக் கொடுக்கறதா இருந்தா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும்னு பிரிவு 19 சொல்லுது. அப்படியே நீங்க எழுதிக் கொடுத்திருந்தாலும், "இதை எழுதினது நான்"னு சொல்லிக்கிற உரிமை பிரிவு 57ல தனியா நிக்குது, காப்பிரைட்டை வித்தாலும் அது உங்களோடதான்.

அதுக்காக வக்கீல் நோட்டீஸ் அடிக்காதீங்க. சின்ன உலகம் இது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. முதல்ல அவங்க அனுப்பின மெயில் எல்லாத்தையும் எடுத்து வைங்க, டிராஃப்ட் ஃபைல்களை தேதியோட சேவ் பண்ணுங்க, ரகசியம் காக்கணும்னு எதுலயாவது ஒத்துக்கிட்டிருக்கீங்களான்னு பாருங்க, அப்புறம் மரியாதையா ஒரு மெயில், "ஆன்லைன் பதிப்புல ஆய்வும் எழுத்தும்னு என் பேரைச் சேர்க்க முடியுமா"ன்னு. பெரும்பாலும் சேர்த்துடுவாங்க. பிஎச்டி இன்டர்வியூவுல அந்த ஒரு வரி 40,000 ரூபாயை விட பெருசு.

கோடிங்

தெரிய வேண்டாம். ஆனா சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு புரியணும், ரெண்டும் ஒண்ணு இல்ல. நம்ம சென்னை ஹைகோர்ட்டுலயே 2018ல ஆரம்பிச்ச கேஸ், சோஷியல் மீடியா கணக்கை ஆதாரோட இணைக்கணும்னு வந்த மனு, போகப் போக வாட்ஸ்அப் மெசேஜை முதல்ல அனுப்பினது யார்னு கண்டுபிடிக்க முடியுமாங்கிற கேள்வியா மாறிச்சு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி முடியும்னு ஒரு வழி சொன்னார், ஐஐடி பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அந்த வழியில என்ன ஓட்டைன்னு எழுதினார். ரெண்டுமே நிபுணர் கருத்து. ரெண்டையும் படிச்சு, இதுல எது டெக்னிக்கல் விஷயம், எது அந்தரங்க உரிமை பத்தின முடிவுன்னு பிரிச்சு சொல்ல ஆள் வேணும், அந்த ஆளாத்தான் நீங்க ஆகணும்னு ஆசைப்படறீங்க. 2021 ஐடி விதிகள்ல அதே "முதல்ல அனுப்பியவர்" விஷயம் சட்டமாவே வந்து, வாட்ஸ்அப் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு. என்க்ரிப்ஷன் பத்தி ஆறு மாசம் உக்காந்து படிச்சா உங்களுக்கு இது பிடிபடும், பைத்தான் கோர்ஸுக்கு காசு கட்ட வேண்டாம்.

ஆராய்ச்சின்னா பெரிய தியரி எழுதணும்னு பயப்படறீங்க போல. நெட்ல அடுத்தவங்களை நோகடிக்கிற மாதிரி மெசேஜ் போட்டா குற்றம்னு சொன்ன ஐடி சட்டம் பிரிவு 66ஏ கதையைச் சொல்றேன். 2015 மார்ச் 24 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட்டோட ஷ்ரேயா சிங்கல் தீர்ப்புல அந்தப் பிரிவே செத்துப் போச்சு. ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல அது சாகல, அதுல எஃப்ஐஆர் போட்டுகிட்டே இருந்தாங்க. 2018ல ரெண்டு வக்கீல்கள் கோர்ட்டு ரெக்கார்டைத் தேடித் தேடி இதை ஆதாரத்தோட எழுதினாங்க, அதை வெச்சு பியூசிஎல்ங்கிற மனித உரிமை அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, கடைசியா 2022 அக்டோபர்ல, 66ஏல யாரையும் விசாரிக்கவே கூடாது, நிலுவையில இருக்கிறதுல இருந்தும் அதை எடுங்கன்னு உத்தரவு வந்துச்சு. அதுக்குத் தேவைப்பட்டது பொறுமையும், கேஸ் ஸ்டேட்டஸ் தேடத் தெரிஞ்ச கையும்தான். நாலு வருஷமா நீங்க தினம் பண்ற வேலை அது.

உங்களுக்குன்னு கேட்டா நான் சொல்ற கேள்வி இது: தென் மாவட்டங்கள்ல உள்ளூர் யூடியூப் சேனலுக்கும் சின்னப் பத்திரிகைகளுக்கும் வீடியோவைத் தூக்கச் சொல்லி வர்ற நோட்டீஸ் எந்த சட்டத்துல, யார் கையெழுத்துல, என்ன காரணம் சொல்லி வருது? வெப் டெஸ்க்ல இருந்தப்ப பழகினவங்களே உங்களுக்கு இதுல பாதியைக் கொடுப்பாங்க. மறக்கப்படும் உரிமையை எடுத்தாலும் சரிதான். ஒண்ணை எடுங்க, ரெண்டையும் எடுக்காதீங்க.

இதுல உள்ள ரிஸ்க்

ஆர்டிஐ போட்டு எல்லாம் வாங்கிடலாம்னு இருக்காதீங்க. ஐடி சட்டம் 69ஏல வர்ற பிளாக்கிங் (இணையத்துல முடக்கற) உத்தரவுக்கு 2009 பிளாக்கிங் விதிகள்ல விதி 16 ரகசியம்னு பூட்டு போட்டிருக்கு. டேட்டா பாதுகாப்பு சட்டம் 2023, அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்தப்ப ஆர்டிஐ 8(1)(ஜே)யும் மாறிடுச்சு, தனிநபர் தகவல்னு ஒரே வார்த்தையில மறுக்கலாம். பொதுநலன் பெருசுன்னு காட்டி 8(2)ல கேக்கற வழி மட்டும் இன்னும் இருக்கு, மனுவிலயே அதை எழுதுங்க. டேட்டா பாதுகாப்பு சட்டத்துல பத்திரிகையாளருக்குன்னு விலக்கு கிடையாது, 2018 ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி மசோதாவுல இருந்ததை எடுத்துட்டாங்க, ஆனா ஆராய்ச்சிக்கு நிபந்தனையோட ஒரு விலக்கு பிரிவு 17ல இருக்கு. பேட்டி கொடுக்கிறவங்க பேரை மாத்துங்க, சம்மதத்தை எழுத்துல வாங்குங்க. வெப்சைட்டுல இருந்து மொத்தமா டேட்டாவை உறிஞ்சறதுக்கு முன்னாடி ஐடி சட்டம் பிரிவு 43ஐப் படிங்க. பேர் சொல்லி குற்றம் சாட்டறப்ப கிரிமினல் அவதூறு இன்னும் உயிரோட இருக்குங்கிறது ஞாபகம் இருக்கட்டும், இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) பிரிவு 356.

வேலை நிலைக்காதுங்கிற ரிஸ்க்கும் உண்டு. டெல்லியில பெரிய பேர் இருந்த சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச்சுக்கே 2023ல வெளிநாட்டு நிதி லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகி 2024ல கேன்சலும் ஆச்சு, அதுமேல நின்ன வேலையெல்லாம் ஆட்டம் கண்டுச்சு. கம்பெனிகளோட பாலிசி டீம்ல சம்பளம் நல்லா வரும், அது தப்பான வேலையும் இல்ல, ஆனா அங்க நீங்க எழுதறது கம்பெனியோட நிலைப்பாடு. ரெண்டு வருஷம் போய் உள்ள எப்படி இயங்குதுன்னு பார்த்துட்டு வந்தவங்க நல்லா எழுதறதையும் பார்த்திருக்கேன், வெளிய வர்றப்ப எந்த ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கோம்னு தெரிஞ்சு போகணும், அவ்வளவுதான். யார் காசு கொடுத்தாங்கன்னு ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழயும் போடற பழக்கத்தை இப்பவே வெச்சுக்கோங்க.

இங்கிலீஷ் சுமார்னு சொன்னீங்க. உங்க லெட்டரோட இணைச்சு அனுப்பின அந்த ஆறு பக்க இங்கிலீஷ் குறிப்பைப் படிச்சேன், வாக்கியம் நீளம், ஆனா வாதம் நேரா இருக்கு. திருத்திக்கலாம். தமிழ்லயும் எழுதுங்க, இந்த விஷயங்கள்ல ஒரு தாலுகா ரிப்போர்ட்டருக்கோ சைபர் கிரைம் இன்ஸ்பெக்டருக்கோ புரியற மாதிரி தமிழ்ல எழுதறவங்க ரொம்பக் கம்மி.

15 நாள் கெடுவுல இப்ப எத்தனை மிச்சம்னு தெரியல, காலேஜுக்கு இப்படி ஒரு பதில் போட்டுப் பாருங்க: முழுநேரம் வேண்டாம், வாரத்துக்கு நாலு நாள், நாளைக்கு ரெண்டு மணி நேரம், மீடியா லாவும் ஐடி சட்டமும் நான் எடுக்கறேன், மணிக் கணக்குல சம்பளம் கொடுங்க, பாண்ட் கிடையாது, சர்டிபிகேட் காப்பி மட்டும்தான் தருவேன். ஒத்துக்கிட்டாங்கன்னா பிராக்டிஸும் போகாது, பாடம் எடுத்த பழக்கமும் வரும், கிளாட்டுக்குப் படிக்க நேரமும் இருக்கும். ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க.